வாசகர் கேள்வி – பதில்: ஆப்பிரிக்காவுக்கு வழி காட்டியவர்கள்

ஆசிரியை, பாளையங்கோட்டை: ஆப்பிரிக்காவின் விக்டோரியா அருவியை ஸ்காட்லாந்து மிஷனரி லிவிங்ஸ்டன் 'கண்டுபிடித்தார்' என்று நடத்தலாமா?

வேண்டாம். 1855 நவம்பரில் அவரைத் தோணியில் ஏற்றி, அருவியின் விளிம்பிலுள்ள தீவில் இறக்கியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். அருவிக்கு அவர்களிடம் பெயரும் இருந்தது: மோசி-ஓவா-துன்யா, முழங்கும் புகை. குற்றாலத்துக்கு வந்த ஒருவர் பேரருவிக்குத் தன் நாட்டு ராணி பெயரை வைத்துவிட்டுப் போனால் நாம் ஒத்துக்கொள்வோமா? 'ஐரோப்பியரில் முதலில் பார்த்து எழுதியவர்' என்று சொல்லிக்கொடுங்கள். யுனெஸ்கோ பட்டியலில் இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. கரும்பலகையிலும் அப்படியே எழுதுங்கள்.

மாணவர், அம்பாசமுத்திரம்: ஒரு ஏரி கடல்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதை அந்தக் காலத்தில் எப்படி அளந்தார்கள்?

தண்ணீரைக் கொதிக்கவைத்து. கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் 1 டிகிரி முன்னதாகவே கொதித்துவிடும். மாஞ்சோலையில் பருப்பு வேக நேரம் பிடிப்பதும் இதனால்தான்.

நீங்களே செய்து பார்க்கலாம். தெர்மாமீட்டரின் குமிழைத் தண்ணீரில் முக்காமல், மேலே எழும் ஆவியில் பிடியுங்கள். தண்ணீரில் உப்பு கலந்திருந்தால் சூடு கூடுதலாகக் காட்டும். ஆவியில் அந்தத் தொல்லை இல்லை. முதலில் அம்பையில் ஓர் அளவு எடுங்கள், அன்றைக்கே மலையேறி இன்னொன்று எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நம்பவேண்டும். கருவியே பிசகாக இருக்கலாம். காற்றழுத்தம் மாறினாலும் கணக்கு தப்பும். 0.1 டிகிரி தவறினால் 30 மீட்டர் போய்விடும்.

1858இல் நைலின் பிறப்பிடத்தைத் தேடிப்போன ஆங்கிலேயர்கள் பர்ட்டனும் ஸ்பீக்கும் மாட்டிக்கொண்டது இதில்தான். டாங்கனிக்கா ஏரியின் உயரம் 1,844 அடி என்று எழுதினார்கள். உண்மையில் அது 2,500 அடிக்கும் மேல். பழுதான தெர்மாமீட்டர் காட்டிய தவறு ஒரு டிகிரிகூட இல்லை. ஆனால் நைல் எந்த ஏரியில் பிறக்கிறது என்ற பெரிய சண்டையில், இவ்வளவு தாழ்வான ஏரியிலிருந்து நைல் கிளம்ப முடியாது என்று அந்த எண்ணும் வாதமாக வந்து நின்றது.

வாசகர், கயத்தாறு: லிவிங்ஸ்டனையும், அவரைத் தேடிப்போன பத்திரிகையாளர் ஸ்டான்லியையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமா?

நியாயமில்லை. 1871இல் காங்கோவின் நியாங்வே சந்தையில் அடிமை வணிகர்கள் நடத்திய படுகொலையைப் பற்றி லிவிங்ஸ்டன் எழுதியது பிரிட்டனை உலுக்கியது. 1873இல் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரின் அடிமைச் சந்தை மூடப்பட்டது. ஆனால் கிறிஸ்தவமும் வணிகமும் சேர்ந்து உள்ளே போகவேண்டும் என்றவரும் அவரே. அவர் திறந்த வழியில் பின்னால் துப்பாக்கியும் போனது.

ஸ்டான்லி 1879 முதல் 1884 வரை பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்காகக் காங்கோவில் வேலை பார்த்தார். ஊர்த்தலைவர்களுக்குத் துணிமணி கொடுத்து, அவர்களுக்கு வாசிக்கத் தெரியாத தாளில் கைக்குறி வாங்கினார்கள். அந்தத் தாள்களில் மண்ணும் ஆட்சியும் கைமாறின. 1884–85 பெர்லின் மாநாட்டில் ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேச 14 நாடுகள் கூடின. ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை. உங்கள் சீமைக்கு இது தெரிந்த கதை. 1792இல் ஆற்காட்டு நவாபும் கம்பெனியும் செய்த உடன்படிக்கையில்தான் பாளையங்களின் கிஸ்தி கம்பெனி கைக்குப் போனது. பாளையக்காரர்களை யாரும் கேட்கவில்லை. ஏழாம் ஆண்டில் கட்டபொம்மனை உங்கள் ஊரிலேயே தூக்கிலிட்டார்கள்.

காங்கோவில் ஊருக்கு இவ்வளவு ரப்பர் என்று விதித்தார்கள். அளவு குறைந்தால் சுட்டார்கள். செலவான தோட்டாவுக்குச் சிப்பாய்கள் வெட்டிய கையைக் கொண்டுவந்து கணக்குக் காட்டவேண்டியிருந்தது. 1908 வரை அது மன்னரின் சொந்தச் சொத்து. இதை நிர்வாகக் குறைபாடு என்று எழுதுபவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வாசகி, மேலப்பாளையம்: கூடப் போன ஆப்பிரிக்கர்களின் பெயர் எங்காவது இருக்கிறதா?

இருக்கிறது. 1873 மே மாதம் லிவிங்ஸ்டன் இறந்ததும் சூசி, சூமா முதலானோர் அவர் இதயத்தை மரத்தடியில் புதைத்தார்கள். உடலில் உப்பிட்டு, 14 நாள் வெயிலில் உலர்த்தி, மரப்பட்டையில் சுற்றி, 1,500 கிலோமீட்டருக்கு மேல் நடந்து கடற்கரைக்குத் தூக்கிவந்தார்கள். அந்த மரத்தில் லிவிங்ஸ்டன் பெயரைச் செதுக்கிய ஜேக்கப் வெயின்ரைட், அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்டு நாசிக்கில் மிஷன் பள்ளியில் படித்தவர். ஸ்பீக், ஸ்டான்லி இருவர் பயணத்திலும் உடன் சென்ற சீதி முபாரக் பம்பாய், சிறுவயதில் அடிமையாகக் குஜராத்துக்கு விற்கப்பட்டவர். ஸ்பீக்கும் அவரும் பேசிக்கொண்ட மொழி இந்துஸ்தானி.