சைக்கிளில் அடிபட்டால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கதைதான். இடித்தது, விழுந்தேன், எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன், இப்போது வலிக்கிறது, என்ன செய்யலாம்? விபத்துக் கோப்புகளை 20 வருடத்துக்கு மேலாகப் பார்த்து வருகிறேன். கேஸ் விழுவது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, முதல் நாளில் யாரும் ஒரு படம்கூட எடுத்து வைக்காததால்தான். இதை நான் முன்பும் சொல்லியிருக்கிறேன், கீழேயும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பச்சை மனிதன் (நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு) எரியும்போதுதான் சைக்கிளில் கடந்தேன். திரும்பி வந்த கார் இடித்தது. முழுத் தவறும் காரோட்டியுடையதுதானே? (பிடோக்)

பெரும்பகுதி அவருடையது. முழுவதும் என்று என்னால் சொல்ல முடியாது. 2016ல் நம் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. பச்சை மனிதன் எரியும்போது நடந்து கடந்த ஒருவரை டாக்சி இடித்துவிட்டது. பக்கத்தில் வண்டி வருகிறதா என்று பார்க்காமல் கடந்ததற்காக அவர் மேலும் 15 விழுக்காடு பொறுப்பு உண்டு என்று தீர்ப்பானது. நடந்து போனவருக்கே அப்படி என்றால், மிதித்துக்கொண்டே சாலைக்குள் இறங்கிய உங்களிடம் எதிர்த்தரப்புக் காப்புறுதி நிறுவனம் என்ன கேட்கும் என்று யோசியுங்கள். சாலையைக் கடக்கும் இடத்தில் சைக்கிள் நின்று, பார்த்து, பிறகுதான் போக வேண்டும் என்பது விதி. நின்றீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. அதைத்தான் முதலில் கேட்பார்கள். காரின் கேமராப் பதிவு இருந்தால் அதை அழிக்காமல் வைத்திருக்கும்படி இன்றே எழுத்தில் கேளுங்கள், பல கேமராக்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

கார்கள் சைக்கிளுக்கு 1.5 மீட்டர் விட்டுத்தான் போக வேண்டும் என்பது சட்டமா? (செங்காங்)

இல்லை, வழிகாட்டி நெறி. ஆனால் நெருக்கி உரசியவர் மேல் வழக்குப் போட்டால், அவர் கவனமின்றி ஓட்டினார் என்று காட்ட அது உதவும்.

பூங்கா இணைப்புப் பாதையில் தலைக்கவசம் இல்லாமல் போனபோது இன்னொரு சைக்கிள் மோதிக் கை முறிந்தது. தலைக்கவசம் இல்லாததால் இழப்பீடு குறையுமா? (பொங்கோல்)

சாலையில்தான் தலைக்கவசம் கட்டாயம், 2019லிருந்து. பாதைகளில் கட்டாயம் இல்லை. முறிந்தது கை, அதற்கும் தலைக்கவசத்துக்கும் சம்பந்தமில்லை. தலையில் அடிபட்டிருந்தால் பேச்சு வேறாகியிருக்கும். எப்படியும் போடுங்கள்.

என் அம்மாவுக்கு 71 வயது. அடுக்குமாடி புளோக்குக்கு வெளியே நடைபாதையில் ஒரு சைக்கிள் பின்னால் வந்து மோதி இடுப்பு எலும்பு உடைந்தது. அந்தப் பையன் "சாரி ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். யார் மேல் வழக்குப் போடுவது? (ஈசூன்)

அம்மா எப்படி இருக்கிறார்? அந்த வயதில் இடுப்பு எலும்பு லேசான விஷயமில்லை, இயன்மருத்துவத்தை நடுவில் நிறுத்தவிடாதீர்கள்.

அந்தப் பையன் செய்தது வெறும் மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். அது குற்றம். பாதையில் ஒருவருக்குக் காயம் ஏற்படுத்தினால் நிற்க வேண்டும், உதவ வேண்டும், விவரம் கொடுக்க வேண்டும். பாதைகளில் சைக்கிள் போன்றவற்றை ஓட்டுவதற்காக 2017ல் நிறைவேறிய ஆக்டிவ் மொபிலிட்டி சட்டம் இதைச் சொல்கிறது. நடைபாதையில் வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர், அதாவது மெல்ல ஓடுகிறவரின் வேகம். சைக்கிள் பாதையும் பூங்கா இணைப்பும் 25. பக்கத்திலேயே சைக்கிள் பாதை போட்டு, நடப்பவர்களுக்கு மட்டும் என்று குறித்த பாதை என்றால் 2025 ஜூலையிலிருந்து சைக்கிள் அதில் ஏறவே கூடாது. எந்த வகைப் பாதை என்று போய்ப் பாருங்கள், தரையில் குறியீடு இருக்கும், படம் எடுங்கள்.

போலிஸில் புகார் கொடுத்துவிட்டு, மின்தூக்கி அருகிலும் கீழ்த்தளத்திலும் கேமரா இருக்கிறதா என்று, பேட்டையைப் பராமரிக்கும் நகர மன்றத்திடம் கேளுங்கள். பதிவை உங்கள் கையில் தர மாட்டார்கள், போலிஸ் கேட்டால் கொடுப்பார்கள், அதனால்தான் புகார் முதலில். ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். காருக்கு இருப்பதுபோல் சைக்கிளுக்குக் கட்டாயக் காப்புறுதி கிடையாது. ஆளைக் கண்டுபிடித்தாலும் அவர் கையில் பணம் இருந்தால்தான் உண்டு. சில வீட்டுக் காப்புறுதித் திட்டங்களில் மூன்றாம் தரப்புப் பொறுப்பு சேர்ந்திருக்கும், அவர்கள் குடும்பத்துக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா என்று வழக்கறிஞர் மூலம் கேட்கலாம்.

எங்கள் குழுவில் 12 பேர் சாங்கி கோஸ்ட் ரோட்டில் போனோம். முன்னால் போனவர் திடீரென்று பிரேக் போட்டார், நான் மோதி விழுந்து காறையெலும்பு உடைந்தது. அவரிடம் இழப்பீடு கேட்கலாமா? (தெம்பனிஸ்)

கேட்கலாம், கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஒரு குழுவுக்கு ஐந்து சைக்கிள் நீளம்தான், ஒற்றை வரிசை என்றால் ஐந்து பேர், இருவர் இருவராகப் போனால் பத்துப் பேர், 2022லிருந்து இதுதான் விதி. பன்னிரண்டு பேர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம், முன்னால் போகும் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் முன்னால் போகிறவர் பிரேக் போடும்போது மோதத்தான் செய்யும், இடைவெளி விடுவது பின்னால் வருகிறவர் பொறுப்பு. இரண்டு குழுக்களாகப் பிரிந்து, நடுவில் இரண்டு விளக்குக் கம்பத் தூரம் விட்டுப் போங்கள்.

அண்ணே, நான் துவாஸ் பக்கம் தங்குவிடுதியில் இருக்கிறேன். ராத்திரி கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஒரு லாரி கைப்பிடியில் உரசி விழுந்தேன். டிரைவர் இறங்கி வந்து 200 வெள்ளி கொடுத்து, போலிஸ் வேண்டாம் என்றார். ரிப்போர்ட் எழுதினால் பெர்மிட் போய்விடும் என்று சூப்பர்வைசரும் சொல்கிறார். ஐந்து வாரமாக வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. லாரியின் போட்டோ மட்டும் போனில் இருக்கிறது.

தம்பி, அந்தப் போட்டோவை இப்போதே இன்னும் இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தால் கேஸும் தொலையும்.

இந்த 200 வெள்ளிக் கதையை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ணிக்கை இல்லை. சில சமயம் 50, சில சமயம் 300. சாலையோரத்தில் வலி தெரியாது, உடம்பு அதிர்ச்சியில் இருக்கும், கையில் நோட்டு வந்ததும் விஷயம் முடிந்ததாகத் தோன்றும். தோள் தசைநார் கிழிந்திருந்தால் ஒரு ஸ்கேனுக்கே அந்தப் பணம் போதாது. காயம் என்னவென்று மருத்துவர் சொல்லும் முன்னால் பணம் வாங்காதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் கத்திக்கொண்டே இருக்கிறேன். நீங்கள் ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டீர்களா? போட்டிருந்தால் அதை மறைக்காமல் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். போடவில்லை என்றால், 200 வாங்கியதாலேயே உங்கள் உரிமை போய்விடாது, வாங்கியதை ஒப்புக்கொள்ளுங்கள், கடைசித் தொகையில் கழித்துக்கொள்வார்கள்.

சூப்பர்வைசர் சொன்னது தவறு. அடிபட்டவர் போலிஸில் சொல்வது குற்றமில்லை, அதற்காக யாருடைய வேலை அனுமதிச் சீட்டும் ரத்தாகாது. பிள்ளைகளை இப்படிப் பயமுறுத்தி வைப்பவர்கள்மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது, ஏனென்றால் அந்தப் பயத்தில் கழியும் ஒவ்வொரு வாரமும் கேமராப் பதிவு அழிகிறது, காயம் இறுகுகிறது, நாளைக்கு "இது பழைய வலி" என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு வசதியாகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. இன்றே மருத்துவரிடம் போங்கள், "தோள் வலி" என்று மட்டும் சொல்லாமல் "இன்ன தேதி, லாரி உரசி, சைக்கிளிலிருந்து விழுந்தேன்" என்று சொல்லி அப்படியே எழுதச் சொல்லுங்கள். மருத்துவக் குறிப்பில் விபத்து என்ற சொல் இல்லாமல் பின்னால் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு போலிஸ் ரிப்போர்ட். 24 மணி நேரத்தில் கொடுத்திருக்க வேண்டும், தாமதமானாலும் கொடுங்கள், தாமதம் ஏன் என்பதையும், டிரைவர் பணம் கொடுத்ததையும் எழுதுங்கள். வண்டி எண்ணை வைத்து அது எந்தக் காப்புறுதி நிறுவனத்தில் இருக்கிறது என்று பொதுக் காப்புறுதிச் சங்கத்தின் மூலம் சிறு கட்டணத்தில் தெரிந்துகொள்ளலாம்.

மருத்துவச் செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவரின் சிகிச்சைக்கு முதலாளிதான் பொறுப்பு, வேலை நேரத்துக்கு வெளியே அடிபட்டாலும் அப்படித்தான். ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு அவர் எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி, மருத்துவமனையில் தங்கும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவை சிகிச்சைக்கும் வரும். கடைக்குப் போய் வந்தபோது நடந்ததால் வேலையிடக் காயம் இழப்பீட்டுச் சட்டம் இதற்கு வராது. முதலாளி ஒரு வேலையாக அனுப்பி, அந்த வழியில் நடந்திருந்தால் வரும், அதனால் உண்மையில் எதற்காகப் போனீர்கள் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். வராவிட்டாலும் லாரிக்காரர் மேல் வழக்குப் போடும் உரிமை அப்படியே இருக்கிறது. தனியாகப் போகப் பயமாக இருந்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையம், ஹோம், டிடபிள்யூசி2 ஆகிய அமைப்புகளில் உதவி கேட்கலாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், அந்த ராத்திரி பின்விளக்கு எரிந்ததா? சாலையில் இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும், பின்னால் சிவப்பு விளக்கோ பிரதிபலிப்பானோ இருக்க வேண்டும். பத்து வெள்ளிக்குள் கிடைக்கிறது. துவாஸ், பெஞ்சூரு, சுங்கை காடுட் பக்கம் ராத்திரியில் விளக்கே இல்லாமல், அதுவும் எதிர்த்திசையில் வரும் சைக்கிள்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. உங்கள் அறையில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள்.

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் டாக்சியின் பின்கதவைப் பயணி திறந்தார், அதில் மோதி விழுந்தேன். டாக்சி ஓட்டுநரா, பயணியா? (லிட்டில் இந்தியா)

இருவரையும் சேருங்கள். பார்க்காமல் கதவைத் திறந்தவர் பயணி. எங்கே எப்படி நிறுத்தி இறக்கினார் என்பதற்கு ஓட்டுநர் பதில் சொல்ல வேண்டும். பயணியின் பெயரும் தொடர்பு எண்ணும் வாங்கினீர்களா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். நிற்கும் வண்டிகளைத் தாண்டும்போது ஒரு கதவு அகலம் தள்ளிப் போங்கள்.

உணவு விநியோகம் செய்கிறேன், மின்சைக்கிள். கார் நிறுத்துமிடத்திலிருந்து வந்த கார் இடித்தது. நான் அப்போது நடைபாதையில் இருந்தேன். எனக்கு எதுவும் கிடைக்காதா? (ஜூரோங் வெஸ்ட்)

நடைபாதையில் மின்சைக்கிள் கூடாது, அது உங்களுக்கே தெரியும். கார்மேல் போடும் வழக்கில் அது உங்கள் பங்கைக் கூட்டும். ஆனால் செயலி வழி வேலை செய்பவர்களுக்கான தள ஊழியர் சட்டம் 2025 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது, மற்ற ஊழியர்களுக்கு உள்ள அதே வேலையிடக் காயம் இழப்பீடு உங்களுக்கும் உண்டு. அங்கே யார் தவறு என்பது கேள்வியே இல்லை, வேலையில் இருந்தீர்களா என்பதுதான் கேள்வி. ஆர்டரை ஏற்று எடுக்கப் போகும்போதோ, கொடுக்கப் போகும்போதோ நடந்திருந்தால் வரும். ஆர்டருக்காகக் காத்திருந்த நேரம் என்றால் வராது. ஆகவே செயலியில் அந்த ஆர்டரின் நேரத்தைப் படம் பிடித்து வையுங்கள், நிறுவனத்திடம் உடனே தெரிவியுங்கள். ஓராண்டுக்குள் கோர வேண்டும். மருத்துவச் செலவு சுமார் 53,000 வெள்ளி வரையோ விபத்திலிருந்து ஓராண்டு வரையோ, எது முதலில் வருகிறதோ அதுவரை கிடைக்கும். இந்தப் பக்கம் வாங்கிக்கொண்டு காரோட்டியிடமும் அதே நஷ்டத்துக்கு இன்னொரு முறை வாங்க முடியாது, அதனால் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டான். வண்டி எண்ணில் கடைசி எழுத்தும் இரண்டு இலக்கமும்தான் நினைவிருக்கிறது. (உட்லண்ட்ஸ்)

அதையே போலிஸில் கொடுங்கள், நிறமும் வண்டி வகையும் சேர்த்து. இரண்டு இலக்கத்தில் ஆளைப் பிடித்த கோப்புகள் உண்டு. கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றாலும், காப்புறுதி இல்லாத வண்டி என்றாலும், வாகனக் காப்புறுதி நிறுவனங்களின் அமைப்பான மோட்டார் இன்ஷூரர்ஸ் பியூரோவிடம் விண்ணப்பிக்கலாம். காயத்துக்கும் உயிரிழப்புக்கும்தான், உடைந்த சைக்கிளுக்கு இல்லை. போலிஸ் ரிப்போர்ட்டும் மருத்துவக் குறிப்பும் இல்லாமல் அங்கே போகாதீர்கள்.

மருத்துவமனை வாசலில் ஒருவர் கார்டு கொடுத்தார், கேஸ் ஜெயித்தால் 30 விழுக்காடு, தோற்றால் ஒன்றும் வேண்டாம் என்கிறார். நம்பலாமா? (கிளமெண்டி)

வேண்டாம். விபத்து இழப்பீட்டில் பங்கு பேசிக்கொள்ள இங்கே வழக்கறிஞருக்கே அனுமதி இல்லை. வழக்கறிஞர் அல்லாதவர் கட்டணத்துக்காக உங்கள் சார்பில் பேரம் பேசுவது குற்றம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வருமானம் குறைவென்றால் சட்ட உதவிப் பிரிவுக்குப் போகலாம், மற்றவர்கள் புரோ போனோ எஸ்ஜி என்ற சட்ட உதவி அமைப்பின் இலவச ஆலோசனைக்குப் போகலாம். அந்தக் கார்டைக் கொடுத்தவரிடம் உங்கள் அடையாள அட்டைப் படத்தை அனுப்பியிருந்தால், எதற்கும் அவருக்கு அதிகாரம் தரவில்லை என்று இன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

சைக்கிளில் போனபோது வேன் இடித்து முழங்கால் போய்விட்டது. இப்போது வழக்குப் போட முடியுமா? (இடம் குறிப்பிடவில்லை)

எப்போது இடித்தது? இரண்டு பக்கக் கடிதத்தில் முழங்காலின் எக்ஸ்ரே விவரம் இருக்கிறது, வேனின் நிறம் இருக்கிறது, தேதி இல்லை. காயத்துக்கான வழக்கு விபத்து நாளிலிருந்து 3 வருடத்துக்குள் நீதிமன்றத்தில் பதிவாக வேண்டும், காப்புறுதி நிறுவனத்தோடு கடிதம் எழுதிக்கொண்டிருப்பது பதிவாகாது. 2 வருடம் தாண்டியிருந்தால் எனக்கு எழுத வேண்டாம், நேராக ஒரு வழக்கறிஞரிடம் போங்கள், இந்த வாரமே. அதற்குள் என்றால் தேதி, நேரம், இடம், வண்டி எண், போலிஸ் ரிப்போர்ட் எண் ஐந்தையும் போட்டு மறுபடி எழுதுங்கள், அடுத்த முறை முதலில் உங்கள் கடிதத்தை எடுக்கிறேன்.