சோதனை என்றாலே வயிற்றுவலி: சுங்கை சிப்புட் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கும் பெற்றோர், உறவினர், மாணவர் அனுப்பிய கேள்விகள் இவை. பிள்ளைகளின் தேர்வுப் பயத்தைக் கையாளும் ஆலோசக ஆசிரியை பதில் சொல்கிறார். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

டீச்சர், மவன் நாலாம் ஆண்டு படிக்கிறான். சோதனை நாள் காலையில மட்டும் வயிறு வலிக்குதுன்னு அழுவுறான். ரெண்டு தடவை வாந்தியும் எடுத்துட்டான். நடிக்கிறான்னு அவங்க அப்பா சொல்றாரு. லீவு போட்டுடட்டுமா? (ஓர் அம்மா, எல்பில் தோட்டம்)

நடிப்பு இல்லை அம்மா. பயந்த உடம்பு ஓடத் தயாராகிறது. ரத்தம் கைகால் தசைகளுக்குத் திரும்பும், செரிமானம் மந்தமாகும், குடல் இறுகும். வலி நிஜம்தான், காரணம்தான் வயிற்றில் இல்லை.

முதலில் நோயா பயமா என்று பிரித்துப் பாருங்கள். சனி, ஞாயிறில் வலி எட்டிப் பார்க்காது, பள்ளி பஸ் போனதும் தானாகக் குறையும் என்றால் பயம். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காய்ச்சல், எடை குறைவது, மலத்தில் ரத்தம், அடிவயிற்றில் வலப்பக்கம் விடாமல் வலிப்பது, இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே கிளினிக்குக் கொண்டு போங்கள்.

பயம்தான் என்று தெரிந்த பிறகு லீவு போடாதீர்கள். வீட்டில் நிறுத்திய கொஞ்ச நேரத்தில் வலி போய்விடும். அந்த நிம்மதி இருக்கிறதே, அதுதான் வினை. ‘வீட்டில் இருந்ததால் தப்பித்தேன்’ என்று மனசு கற்றுக்கொள்ளும். அடுத்த சோதனைக்கு வலி ஒரு நாள் முன்னாடியே வரும்.

காலை வேலையை இப்படி மாற்றிப் பாருங்கள். பை, பென்சில், சட்டை எல்லாம் முதல் நாள் இரவே தயாராக இருக்கட்டும். பஸ் ஆறேகாலுக்கு என்றால் வழக்கத்தைவிட 20 நிமிடம் முன்னதாக எழுப்புங்கள். அவசரப்படுத்தினாலே பாதி வலி வந்துவிடும். பசியாற இரண்டு இட்லி அல்லது இரண்டு துண்டு ரொட்டி, அரை கப் மைலோ போதும். தேங்காய்ப்பாலும் எண்ணெயும் வயிற்றில் நெடுநேரம் தங்கும் என்பதால் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றை ஓய்வு நேரத்துக்குத் தள்ளுங்கள். ஒன்றும் இறங்கவில்லை என்றால் ஒரு வாழைப்பழத்தைப் பையில் போடுங்கள்.

“வலிக்குதுன்னு அம்மாவுக்குத் தெரியுது. வலியோடயே போ, அங்க போனா குறையும்.” இதை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். “இப்ப வலிக்குதா, இப்ப எப்படி இருக்கு” என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் அவன் கவனம் வயிற்றைவிட்டு நகராது. தைலம் தேய்ப்பதில் தப்பில்லை. மாத்திரை பழக்கம் வேண்டாம். வகுப்பாசிரியரிடமும் பேசி வையுங்கள்: வாந்தி வந்தால் ஐந்து நிமிடம் வெளியே உட்கார்ந்து, முகம் கழுவி, திரும்ப வகுப்புக்கு வரட்டும். வீட்டுக்குப் போன் போக வேண்டாம்.

யூபிஎஸ்ஆர்தான் எடுத்துட்டாங்களே, இன்னும் என்ன பயம் இந்தப் பிள்ளைங்களுக்கு? (ஒரு மாமா)

யூபிஎஸ்ஆர் என்ற ஆறாம் ஆண்டுத் தேர்வை 2021-இலும், பிடி3 என்ற இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவத் தேர்வை 2022-இலும் ரத்து செய்தார்கள், உண்மை. வகுப்பறை மதிப்பீடு தொடர்ந்து நடக்கிறது, நிலை 1 முதல் 6 வரை குறிக்கிறார்கள். பிள்ளை பயப்படுவது பெரும்பாலும் தாளுக்கு அல்ல, அந்த நிலையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் பெரியவர்களுக்கு.

வீட்டுல கேட்டா பட்பட்டுன்னு சொல்றா. சோதனையில ஒண்ணுமே ஞாபகம் வரலையாம். (படிவம் 2 மாணவியின் தாய்)

வீட்டில் எப்படிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. புத்தகத்தைத் திறந்து வைத்து, முதல் வார்த்தையை நீங்களே எடுத்துக் கொடுத்து, அவள் முடிக்கிறாள் என்றால் அது அடையாளம் கண்டுகொள்வது. சோதனையில் வெறும் தாளைப் பார்த்து ஞாபகத்திலிருந்து எடுக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை. திரும்பத் திரும்ப வாசித்த பிள்ளைக்கு ‘தெரியும்’ என்ற தைரியம் வரும், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நினைவில் பாதி இருக்காது. இதோடு பயமும் சேர்ந்தால், கணக்கை மனசில் பிடித்து வைக்கும் இடத்தைக் கவலை பிடித்துக்கொள்கிறது.

நாலு வாரத்துக்கு இப்படிப் பழக்குங்கள். முதல் வாரம் புத்தகத்தை மூடி, ஐந்து கேள்விக்கு எழுதிப் பதில், கடிகாரம் வேண்டாம். இரண்டாம் வாரம் பத்துக் கேள்வி, சோதனையில் தரும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு. மூன்றாம் வாரம் சரியான நேரம். நாலாம் வாரம் அதே நேரம், ஆனால் வரவேற்பறையில், தம்பி தங்கை சத்தத்தோடு, பள்ளிச் சீருடை போட்டு. சீருடை என்றால் சிரிப்பார்கள். பரவாயில்லை, சூழல் ஒத்துப்போனால் சோதனை நாள் புதிதாகத் தெரியாது. பயந்து நின்றுவிட்டால் முந்தைய வாரப் படிக்கு இறங்குங்கள், அடியோடு விட்டுவிடாதீர்கள்.

சோதனையில் நடுவே மனசு வெறுமையானால்: பேனாவைக் கீழே வை, இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்து, மூச்சை மெதுவாக மூன்று முறை விடு, தெரிந்த கேள்விக்குத் தாவு. விட்ட கேள்வியின் எண்ணை ஓரத்தில் வட்டமிட்டு வை. தெரிந்ததை எழுதிக்கொண்டிருக்கும்போதே மறந்தது பெரும்பாலும் திரும்பி வரும்.

இன்னொன்று. 2011-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ஜெரார்டோ ரமிரெஸும் சியான் பைலாக்கும் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தை எழுதிய மாணவர்கள், எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அதிகம் பயப்படும் பிள்ளைகளுக்கே பலன் கூடுதல். பழைய நோட்டில் கிறுக்கட்டும். எழுதியதை நீங்கள் வாசிக்கக் கூடாது, திருத்தவும் கூடாது.

மூச்சு இழுத்து விடச் சொல்றாங்க. என் மகளுக்கு அதனாலயே தலை சுத்துது, விரல் மரத்துப் போகுது. (ஓர் அப்பா, சாலாக்)

வேகமாக, பெரிதாக இழுக்கிறாள். அப்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை சுற்றி விரல்கள் மதமதக்கும், பயம் இன்னும் ஏறும். ‘ஆழமாக இழு’ என்பதை மறந்துவிடச் சொல்லுங்கள். மூக்கால் சாதாரணமாக மூன்று எண்ணும் வரை இழுத்து, ஐந்தாறு எண்ணும் வரை மெதுவாக விடட்டும். தோள் உயரக் கூடாது. தொப்புளுக்கு மேல் கையை வைத்தால் கைதான் அசைய வேண்டும். காலை ஐந்து நிமிடம், படுக்கும் முன் ஐந்து நிமிடம், சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். பயம் முற்றிய நேரத்தில் முதல்முறையாகச் செய்து பார்த்தால் பலிக்காது.

தமிழ்ப்பள்ளியில நல்லா படிச்சவ. படிவம் 1 போனதிலேருந்து சோதனைன்னா நடுங்குறா. (ஓர் அம்மா, லிந்தாங்)

இது பாதி பயம், பாதி மொழி. அறிவியலைத் தமிழில் படித்த பிள்ளை ஒரே விடுமுறையில் மலாய்க்கு மாறியிருக்கிறாள். பதில் தெரியும், கேள்வி என்ன கேட்கிறது என்பதுதான் தெரிவதில்லை. இதற்கு மூச்சுப் பயிற்சி மட்டும் செய்தால் வீண்.

பழைய தாள்களில் கேள்வி கேட்கும் மலாய்ச் சொற்களை மட்டும் பொறுக்கி எடுங்கள். ‘ஞாத்தாக்கான்’ என்றால் சுருக்கமாகச் சொன்னால் போதும். ‘ஜெலாஸ்கான்’ வந்தால் காரணமும் வேண்டும். ‘ஹுராய்கான்’ என்றால் விரித்து எழுத வேண்டும். ‘பண்டிங்கான்’ என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒற்றுமை வேற்றுமை. மதிப்பெண்ணையும் பார்க்கட்டும்: இரண்டு மதிப்பெண் என்றால் பெரும்பாலும் இரண்டு கருத்து. பாடத்துக்கு இருபது மலாய்க் கலைச்சொல் என்று அட்டையில் எழுதி, தமிழ்ப் பொருளைப் பின்பக்கம் போட்டு, நாளுக்கு ஐந்து. நடுக்கம் குறைந்ததா என்று ஒரு மாதம் கழித்துப் பாருங்கள்.

பிரம்பு எடுத்தாத்தான் படிக்கிறான். கொஞ்சம் பயம் இருந்தா நல்லதுதானே? (ஒரு தாத்தா)

கொஞ்சம் பரபரப்பு நல்லதுதான் தாத்தா. ஆனால் 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் இருவரும் எலிகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். சுலபமான வேலையை அதிர்ச்சி கூடக் கூட எலி சீக்கிரம் கற்றது. கடினமான வேலையில் அதிர்ச்சி பலமானதும் கற்பது கெட்டுப்போனது. உங்கள் பேரனுக்குப் பின்னக் கணக்கு சுலபமான வேலையா? பிரம்பைக் கண்டால் உட்காருவான், உள்ளே ஒன்றும் ஏறாது.

கோயில்ல மந்திரிச்ச கயிறு கட்டி அனுப்பலாமா?

தாராளமாக. ‘கயிறு இல்லாவிட்டால் எழுத முடியாது’ என்ற நிலை மட்டும் வரவேண்டாம். ராசிப் பேனாவும் அப்படித்தான், மை தீரும் நாள் ஒன்று வரும்.

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) எழுதப் போறேன் அக்கா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் காப்பி குடிச்சுப் படிக்கிறேன். மலாய் போயிட்டா எல்லாம் போச்சேன்னு நெஞ்சு படபடங்குது.

படபடப்பில் காப்பிக்கும் பங்கு உண்டு தம்பி. குடித்ததில் பாதி ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். மதியத்துக்கு மேல் நிறுத்து, சக்தி பானம் வேண்டவே வேண்டாம். உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. படித்தது நினைவில் படிவது தூங்கும்போதுதான். 10 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுந்து படித்தால்கூட இப்போதைவிட மேல்.

மலாயும் வரலாறும் தேறினால்தான் சான்றிதழ் என்பது சரி. தவறினால் அந்தப் பாடத்தை மட்டும் மறுபடி எழுத வழி இருக்கிறது. ‘எல்லாம் போச்சு’ என்று பொத்தாம்பொதுவாக நினைக்காதே, போனால் அடுத்து என்ன செய்வாய் என்று ஒரு தாளில் மூன்று வரி எழுதி வை.

எப்போ டாக்டரிடம் போகணும்?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால், பள்ளிக்கே போக மறுத்தால், மூச்சு முட்டி மார்பு அடைக்கும் தாக்குதல் திரும்பத் திரும்ப வந்தால். பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடமும் அரசாங்க கிளினிக்கிலும் ஒரே வாரத்தில் காட்டுங்கள். கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் (ஒரு ரிங்கிட்). வாசிப்பதிலோ எழுதுவதிலோ பிறவிக் குறைபாடு இருப்பதாகச் சந்தேகம் வந்தால் சீக்கிரமே பரிசோதித்து, கூடுதல் நேரத்துக்குப் பள்ளி மூலமாக விண்ணப்பியுங்கள். தேர்வுக்கு முந்திய மாதம் கேட்டால் நடக்காது. ‘செத்துப் போயிடலாம்’ என்று பிள்ளை சொன்னால், விளையாட்டுக்குச் சொன்னது மாதிரி இருந்தாலும், தனியே விடாதீர்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் 15555, அரசாங்க உதவி எண் தாலியான் காசே 15999. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.