ஒரே சாட்சியிடம் எத்தனை பேர் கேட்பது?

கேள்வி: ஹேக் நகரிலுள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் தொண்டு நிறுவனங்கள் நேரடியாக வழக்குத் தொடுக்க முடியுமா?

முடியாது. தகவல் அனுப்பலாம். இந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சட்டத்தின் 15ஆவது பிரிவின் கீழ் யார் வேண்டுமானாலும் தலைமை வழக்குரைஞருக்கு எழுதலாம்; போதிய முகாந்திரம் இருந்தால் அவர் நீதிபதிகளிடம் விசாரணைக்கு அனுமதி கேட்பார். எழுதும் முன் அதிகார வரம்பைப் பாருங்கள். குற்றம் 1.7.2002க்குப் பிறகு நடந்ததா? நடந்த இடம் உறுப்பு நாட்டு மண்ணா, அல்லது செய்தவர் உறுப்பு நாட்டுக் குடிமகனா? மியான்மர் உறுப்பு நாடு அல்ல. ஆனால் ரோஹிங்யா மக்கள் துரத்தப்பட்டு வந்து சேர்ந்த வங்கதேசம் உறுப்பு நாடு. அந்த ஒரு பிடியை வைத்துத்தான் 2019 நவம்பரில் விசாரணைக்கு அனுமதி கிடைத்தது.

கேள்வி: எங்கள் குழு பாதிக்கப்பட்டவர்களிடம் விரிவாக வாக்குமூலம் வாங்குகிறது. அது வேண்டாம் என்கிறார்களே, ஏன்?

அவர்கள் சொல்வது சரி. முதல் குழுவிடம் ஒரு தாய் "ஆறு பேர் வந்தாங்க" என்கிறார். நான்கு மாதம் கழித்து வேறொரு குழுவிடம் "எட்டோ ஒன்பதோ" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அச்சத்தில் பதிந்த நினைவு அப்படித்தான் இருக்கும். குறுக்கு விசாரணையில் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரை உடைத்துவிடுவார்கள். அதே இரவை ஐந்தாவது முறையாகச் சொல்ல வைப்பது அவருக்கும் கொடுமை.

இந்த நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பே, 2012 மார்ச்சில் வந்த காங்கோவின் லுபாங்கா வழக்கு, இதற்குப் பாடம். 15 வயதுக்குட்பட்ட சிறாரைப் படையில் சேர்த்ததாக ஆயுதக் குழுத் தலைவர் லுபாங்கா மீது குற்றச்சாட்டு. சாட்சிகளைக் கூட்டி வந்த இடைத்தரகர்கள் சிலர் பொய் சொல்லத் தூண்டியிருக்கக்கூடும் என்று நீதிபதிகள் கருதினார்கள். சிறார் போராளிகளாக இருந்ததாகச் சொன்ன பலரின் சாட்சியத்தை ஒதுக்கினார்கள். வேறு சாட்சிகளும், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தெரிந்த வீடியோக்களும் இருந்ததால்தான் தண்டனை நின்றது.

வழக்குரைஞர் அலுவலகமும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதித்துறை ஒத்துழைப்பு அமைப்பான யூரோஜஸ்டும் 2022இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது. யார், எங்கே இருக்கிறார், எதைக் கண்டார் என்பதைச் சுருக்கமாகக் குறியுங்கள். ஏற்கெனவே யாரிடமாவது பேசினாரா என்று கேளுங்கள். யாரிடம் பகிரலாம் என்பதற்குத் தனித்தனியாகச் சம்மதம் வாங்குங்கள்: வழக்குரைஞருக்குச் சரி, பத்திரிகைக்கு வேண்டாம் என்று அவர் சொல்லலாம். "இது ரகசியமாகவே இருக்கும்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் குறிப்பு எதிர்த்தரப்பின் கைக்கும் போகலாம். பணமோ பாதுகாப்போ வாங்கித் தருவதாகவும் சொல்லக் கூடாது.

கேள்வி: செல்போன் வீடியோ செல்லுமா?

செல்லும். லிபியாவின் படைத் தளபதி வெர்ஃபல்லி மீது 2017இல் பிறப்பித்த பிடியாணைக்குச் சமூக ஊடக வீடியோக்களே முக்கிய ஆதாரம்.

கெடுவது பெரும்பாலும் கைமாறும்போதுதான். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கும், எடுத்த இடம், நேரம் பற்றிய உள்விவரங்களும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். ஆனாலும் எடுத்த போனில் உள்ள மூலத்தை அழிக்கக் கூடாது. கிடைத்த அன்றே எஸ்எச்ஏ-256 ஹாஷ் (கோப்பின் கைரேகை போல, கணினி கணக்கிட்டுத் தரும் குறியீடு) எடுத்து, அந்த 64 எழுத்துகளைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். வீடியோவில் ஒரு நொடியை வெட்டினாலும் ஹாஷ் முற்றிலும் மாறிவிடும். ஒரு பிரதியைத் திறக்காமல் பூட்டி வையுங்கள், இன்னொன்றில் வேலை செய்யுங்கள். கொடுத்தவர், வாங்கியவர், தேதி, நேரம் ஆகியவை ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு வரியாகப் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

படம் எடுப்பவருக்கு ஆபத்தில்லை என்றால், உடலையோ இடிந்த சுவரையோ காட்டும் முன் சுற்றுப்புறத்தை ஒருமுறை மெதுவாகச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். தூரத்து மலை, தண்ணீர்த் தொட்டி, கடைப் பலகை ஆகியவற்றைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுத்தான் இடத்தை உறுதிசெய்கிறார்கள்.