இயல் தலைப்பும் உட்தலைப்பும்: வேர்டு மேக்ரோ குறித்துச் சில கேள்விகளும் பதில்களும்

ஆய்வேடுகளையும் நூல்களையும் மைக்ரோசாஃப்ட் வேர்டில் தட்டச்சு செய்யும் நண்பர்கள், தலைப்புகளை மேக்ரோ (பல கட்டளைகளை வரிசையாகத் தானே இயக்கும் சிறு நிரல்) கொண்டு அமைப்பது பற்றிக் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தமிழ் ஆய்வேடுகளுக்குப் பக்க வடிவமைப்புச் செய்வது பல ஆண்டுகளாக என் தொழில். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (முனைவர் பட்ட ஆய்வாளர்): ஐயா, உட்தலைப்பைத் தேர்ந்தெடுத்து, எழுத்தளவு 16, தடித்த எழுத்து, நடுவில் அமைப்பு என்று ஒரு மேக்ரோவைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். இயக்கினால் தலைப்பு அழகாக வருகிறது. ஆனால் பொருளடக்கம் உருவாக்கச் சொன்னால், ஒரு தலைப்பும் இல்லை என்கிறது வேர்டு. என்ன பிழை?

பதில்: மேக்ரோ நீங்கள் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. நீங்கள் அதற்குக் கற்றுக்கொடுத்தது எழுத்தைப் பெரிதாக்கவும் தடிக்க வைக்கவும் மட்டுமே. அந்தப் பத்தி ஒரு தலைப்பு என்பதை எங்கும் சொல்லவில்லை. வேர்டைப் பொறுத்தவரை, ‘ஹெடிங் 1’ முதல் ‘ஹெடிங் 9’ வரையுள்ள ஸ்டைல்களில் (பெயரிட்டு வைத்த அமைப்புத் தொகுப்புகளில்) ஒன்று இடப்பட்ட பத்திதான் இயல்பாகத் தலைப்பு ஆகும். பொருளடக்கம், இடப்புற வழிகாட்டிப் பலகம், குறுக்குக் குறிப்பு, தலைப்பெண் ஆகிய யாவும் அந்த ஸ்டைலைப் பார்த்துத்தான் வேலை செய்கின்றன. எழுத்து எவ்வளவு பெரியது என்பதை அவை பார்ப்பதில்லை.

ஆல்ட் + எஃப்11 அழுத்தி, நீங்கள் பதிவு செய்த மேக்ரோவைத் திறந்து பாருங்கள். எழுத்துரு உரையாடல் பெட்டியின் வழியாகப் பதிவு செய்திருந்தால், நீங்கள் தொடாத அடிக்கோடு, நிழல், எழுத்து இடைவெளி முதலியவற்றுக்குக்கூட ஒவ்வொரு வரி எழுதப்பட்டிருக்கும். அவை அனைத்தையும் நீக்கிவிட்டு, தேர்ந்தெடுத்த பகுதியின் ஸ்டைல் ‘ஹெடிங் 1’ என்று சொல்லும் ஒரே வரியை வைத்தால் போதும். தோற்றம் எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்த ஸ்டைலின் அமைப்பில் ஒரு முறை மாற்றிவிடுங்கள். நெறியாளர் நாளை “16 வேண்டாம், 14 போடுங்கள்” என்றால், முன்னூறு பக்கங்களிலும் அந்த ஒரே மாற்றம் பாய்ந்துவிடும்.

ஸ்டைலைப் பெயரால் அழைக்காமல் எண்ணால் அழைப்பது இன்னும் பாதுகாப்பானது. வேர்டுக்குள் ‘ஹெடிங் 1’-க்கு −2, ‘ஹெடிங் 2’-க்கு −3, ‘ஹெடிங் 3’-க்கு −4 என்ற நிலையான எண்கள் உள்ளன. மென்பொருளின் இடைமுக மொழி மாறினால் ஸ்டைலின் பெயர் மாறலாம். இந்த எண் மாறாது.

கேள்வி (கணினி மையம் நடத்துபவர்): மேக்ரோவை இயக்கினால், தலைப்பில் உள்ள ‘2.3’ என்ற எண்ணும் ஆங்கிலச் சொல்லும் மட்டும் பெரிதாகின்றன. தமிழ் எழுத்து பழைய அளவிலேயே நிற்கிறது. எழுத்துருவில் கோளாறா?

பதில்: எழுத்துருவில் கோளாறு இல்லை. வேர்டு தமிழைச் சிக்கலான எழுத்துமுறைகளின் வரிசையில் வைத்திருக்கிறது. ஒரே பத்திக்குள் இலத்தீன் எழுத்துகளுக்கு ஓர் எழுத்துரு, அளவு, தடிமன் என்றும், தமிழ் போன்றவற்றுக்கு வேறோர் எழுத்துரு, அளவு, தடிமன் என்றும் இரண்டு கணக்குகள் தனித்தனியே ஓடுகின்றன. எழுத்துரு உரையாடல் பெட்டியில் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற தனிப்பகுதி இருப்பது அதனால்தான். மேக்ரோவில் ‘சைஸ்’ என்று மட்டும் எழுதினால் முதல் கணக்கு மட்டுமே மாறும். தமிழுக்கு ‘சைஸ்பிஐ’, ‘நேம்பிஐ’, ‘போல்டுபிஐ’ என்ற பண்புகளையும் சேர்த்து எழுத வேண்டும். வேர்டின் உதவிப் பக்கங்கள் இவற்றை வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கானவை என்று விளக்குவதால், தமிழில் வேலை செய்பவர்கள் தமக்கு இவை தேவையில்லை என்று கடந்துபோய்விடுகிறார்கள்.

இந்த இரட்டை அமைப்பையும் மேக்ரோவில் எழுதுவதைவிட ஸ்டைலில் ஒரு முறை செய்துவிடுவதே என் பழக்கம். ‘ஹெடிங் 1’-இல் வலது சொடுக்கி, ‘மாடிஃபை’, ‘ஃபார்மட்’, ‘ஃபான்ட்’ என்று சென்று இரு பகுதிகளையும் நிரப்பிவிடுங்கள்.

கேள்வி (தமிழாசிரியர்): தலைப்பின் முன் ‘இயல்’ என்ற சொல் தானாக வர வேண்டும் என்று மேக்ரோவில் எழுதினேன். எழுதும்போதே நான்கு கேள்விக்குறிகள் வருகின்றன. தமிழை மேக்ரோவில் எழுதவே முடியாதா?

பதில்: வேர்டின் மேக்ரோ எழுதும் சாளரம் ஒருங்குறிக்கு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறைக்கு) முந்தைய காலத்து அமைப்பில் கட்டப்பட்டது; விண்டோஸின் பழைய குறிப்பக்கங்களில் (எழுத்துகளுக்கு எண் ஒதுக்கும் பட்டியல்களில்) தமிழுக்கென்று ஒரு பக்கம் இல்லை. ஆகவே அந்தச் சாளரம் தமிழெழுத்தை ஏற்காமல் கேள்விக்குறியாக்கிவிடுகிறது. நீங்கள் கண்ட நான்கு கேள்விக்குறிகளும் இ, ய, ல, புள்ளி என்ற நான்கு குறியீடுகளுக்கு உரியவை. எழுத்தை நேரே இடாமல், அதன் ஒருங்குறி எண்ணைக் கொடுத்து எழுத்தாக மாற்றும் ‘சிஎச்ஆர்டபிள்யூ’ என்ற செயற்கூறு உண்டு. அதற்கு 2951, 2991, 2994, 3021 என்ற எண்களை வரிசையாகக் கொடுத்து இணைத்தால், ஆவணத்தில் ‘இயல்’ என்று சரியாக விழும்.

வழி உண்டு என்பதால் சொன்னேனே தவிர, இந்தத் தேவைக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ‘இயல் 1’, ‘இயல் 2’ என்பவற்றை மேக்ரோ வெறும் எழுத்தாக இட்டுச் சென்றால், நடுவில் ஓர் இயலைச் சேர்க்கும் நாளில் எல்லா எண்களையும் கையால் திருத்த வேண்டியிருக்கும். பல்லடுக்குப் பட்டியல் அமைப்பில் முதல் அடுக்கை ‘ஹெடிங் 1’-உடன் இணைத்து, எண் வடிவப் பெட்டியில் எண்ணுக்கு முன்னால் ‘இயல்’ என்று தட்டச்சு செய்துவிடுங்கள். அந்தப் பெட்டி தமிழைத் தடையின்றி ஏற்கும். அதன்பின் மேக்ரோ ஸ்டைலை இட்டாலே சொல்லும் எண்ணும் தாமாக வந்துவிடும்.

கேள்வி (அச்சகத்தில் பணிபுரிபவர்): பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய கோப்பு ஒன்றில் தலைப்பு மேக்ரோவை இயக்கினேன். தலைப்புகள் எல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிட்டன. மீட்க முடியுமா?

பதில்: மீட்கலாம், தரவு எதுவும் அழியவில்லை. பாமினிக் கோப்பில் உண்மையில் சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளே; பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்துக்கொண்டிருந்தது. பத்தி ஸ்டைல் ஒன்றை இடும்போது, அந்தப் பத்தியில் பாதிக்கு மேற்பட்ட எழுத்துகளுக்குக் கையால் இட்ட எழுத்துரு இருந்தால், வேர்டு அதை நீக்கிவிட்டு ஸ்டைலின் எழுத்துருவைப் போட்டுவிடும். தலைப்பு முழுவதும் பாமினியில் இருந்ததால் முழுவதும் நீங்கிவிட்டது. அதே வரிகளுக்கு மறுபடி பாமினியைக் கொடுத்தால் தமிழ் திரும்பிவிடும்.

ஆனால் சரியான வரிசை, முதலில் ஒருங்குறிக்கு மாற்றிவிட்டுப் பிறகு தலைப்பிடுவது. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளில் உரையை ஒட்டி எடுக்கும்போது, தடித்த எழுத்து முதலிய அடையாளங்கள் உதிர்ந்துபோய் எது தலைப்பு, எது பத்தி என்று தெரியாமல் போகும். ஆகவே மாற்றுவதற்கு முன்பே, தலைப்பு வரிகளின் தொடக்கத்தில் 9001, 9002 என்பதுபோல் நிலைக்கு ஓர் எண்ணை இட்டுக்கொள்கிறேன். மாற்றிய பின், அந்த எண்ணில் தொடங்கும் பத்திகளைத் தேடி, எண்ணை நீக்கி, உரிய ஸ்டைலை இடும் வேலையை மேக்ரோ செய்கிறது. இங்கே குறியீடுகளை அடையாளமாக வைக்கக் கூடாது. பாமினியில் அவற்றுள் பலவும் எழுத்துகள். ‘தமிழ்’ என்ற சொல்லின் இறுதிப் புள்ளியே அங்கு அரைப்புள்ளி விசையில்தான் இருக்கிறது. எண்கள் மட்டும் எண்களாகவே நிற்கும்.

கேள்வி (பதிப்பகத் துணையாசிரியர்): 280 பக்கக் கையெழுத்துப்படி ஒன்று வந்திருக்கிறது. எல்லா உட்தலைப்புகளும் தடித்த எழுத்தால் மட்டுமே காட்டப்பட்டுள்ளன. அவற்றை மேக்ரோவே கண்டுபிடித்து ஸ்டைல் இடுமா?

பதில்: பெரும்பாலும் இட்டுவிடும். ஆவணத்தின் பத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, பத்தி முழுவதும் தடித்திருக்கிறதா, எழுத்துகள் அறுபதுக்குள் இருக்கின்றனவா, முற்றுப்புள்ளியில் முடியாமல் இருக்கிறதா என்று கேட்டு, மூன்றுக்கும் ஆம் என்றால் ‘ஹெடிங் 2’ இடச் சொல்லலாம். பத்தியில் ஒரு பகுதி மட்டும் தடித்திருந்தால், தடிமன் பண்பு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் 9999999 என்ற எண்ணைத் திருப்பித் தரும். ஆகவே ‘பூஜ்யம் அல்ல’ என்று சோதிக்காமல், ‘ஆம்’ என்பதற்குரிய −1 தானா என்று சோதிக்க வேண்டும். தமிழுக்குரிய தடிமன் பண்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை மேலே சொன்னதிலிருந்து ஊகித்திருப்பீர்கள். பத்திகளை வரிசை எண் கொடுத்து அழைத்தால், ஒவ்வொரு முறையும் வேர்டு முதலிலிருந்து எண்ணத் தொடங்குவதால் பெரிய கோப்பில் மிகவும் தாமதமாகும். ‘ஃபார் ஈச்’ வகைச் சுற்றையே பயன்படுத்துங்கள்.

இதில் நான் பட்ட அனுபவம் ஒன்று உண்டு. ஓர் ஆய்வேட்டில் இத்தகைய மேக்ரோவை நேரே இயக்கிவிட்டேன். அதன் அட்டவணைகளில் தலைவரிசைகள் எல்லாம் தடித்த எழுத்தில் குறுகிய சொற்களாக இருந்தன: ‘வ.எண்’, ‘பாடல்’, ‘பொருள்’. பொருளடக்கத்தை எடுத்தபோது ‘வ.எண்’ என்பது பக்கத்துக்குப் பக்கம் ஓர் உட்தலைப்பாக வந்து நின்றது. நான் கவனித்தது கோப்பைச் சேமித்து மூடிய பிறகு. ஒரு நாள் முழுவதும் திருத்தினேன். அன்றிலிருந்து அட்டவணைக்குள் இருக்கும் பத்தியைத் தாண்டிச் செல்லும் நிபந்தனையை முதல் வரியாக எழுதுகிறேன். அத்துடன், முதல் ஓட்டத்தில் ஸ்டைலை இடாமல், பிடிபட்ட பத்திகளுக்கு மஞ்சள் நிறம் மட்டும் பூசச் சொல்கிறேன். கண்ணால் பார்த்து, தவறானவற்றின் நிறத்தை நீக்கிவிட்டு, நிறமுள்ளவற்றுக்கு மட்டும் இரண்டாம் ஓட்டத்தில் ஸ்டைல் இடுகிறேன். வேர்டு 2010 முதல் ‘அன்டூ ரெக்கார்டு’ என்ற வசதியும் இருக்கிறது. மேக்ரோவின் தொடக்கத்திலும் முடிவிலும் அதைச் சேர்த்தால், நூறு மாற்றங்களையும் ஒரே கன்ட்ரோல் + இசட் திரும்பப் பெற்றுவிடும்.

கேள்வி (ஆய்வு மாணவி): ஒவ்வோர் இயலின் பக்கங்களிலும் மேலே அந்த இயலின் பெயர் வர வேண்டும். மேக்ரோ மூலம் ‘செக்‌ஷன் பிரேக்’ (ஆவணத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறிவு) இட்டுப் பக்கத் தலைப்பில் பெயரை எழுதினேன். மூன்றாம் இயலின் பெயரை எழுதியதும் முதல் இயலிலும் அதுவே வந்துவிட்டது.

பதில்: புதிதாக உருவாகும் ஒவ்வொரு செக்‌ஷனின் பக்கத் தலைப்பும் முந்தையதுடன் பிணைக்கப்பட்டே பிறக்கிறது. ‘லிங்க் டு ப்ரீவியஸ்’ என்ற அந்தப் பிணைப்பை அறுத்த பிறகே பெயரை எழுத வேண்டும். முதல் பக்கம், இரட்டைப் படைப் பக்கம், ஏனைய பக்கங்கள் என ஒரு செக்‌ஷனுக்கு மூன்று வகைப் பக்கத் தலைப்புகள் இருக்கக் கூடும் என்பதால், மூன்றிலும் தனித்தனியே அறுக்க வேண்டும்.

எனினும் உங்கள் தேவைக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. பக்கத் தலைப்பில் ‘ஸ்டைல்ரெஃப்’ என்ற புலத்தை (தானாக மாறும் உரையைக் காட்டும் கட்டளையை) இட்டு, ‘ஹெடிங் 1’-ஐக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் எந்த இயலில் இருக்கிறதோ, அந்த இயலின் தலைப்பை அது தானாக எடுத்துக் காட்டும். தலைப்பைத் திருத்தினால் மேலேயும் திருந்திவிடும். செக்‌ஷன் பிரேக் ஒன்றுகூட இல்லாமல் ஆய்வேடு முழுவதற்கும் ஒரே பக்கத் தலைப்பு போதும். ஸ்டைல் ஒழுங்காக இடப்பட்டிருந்தால் மட்டுமே இது நடக்கும் என்பதால்தான், முதல் கேள்விக்கு அவ்வளவு நீளமாகப் பதில் சொன்னேன்.

கேள்வி (பலர்): என் கணினியில் ஓடும் மேக்ரோ, நண்பருக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் அங்கே ஓடுவதில்லை.

பதில்: நீங்கள் பதிவு செய்த மேக்ரோ பெரும்பாலும் உங்கள் கணினியின் ‘நார்மல்’ என்ற அடிப்படை டெம்ப்ளேட் கோப்பில்தான் இருக்கும், கோப்போடு அது போகாது. கோப்புக்குள்ளேயே வைக்க வேண்டுமானால் ‘டாக்எம்’ வகையாகச் சேமிக்க வேண்டும். ‘டாக்எக்ஸ்’ வகை மேக்ரோவை ஏற்காது. அப்படி அனுப்பினாலும், இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுத்துவிடுகிறது. 1999-இல் பரவிய மெலிசா நச்சுநிரல் ஒரு வேர்டு மேக்ரோதான் என்பதால், இந்தக் கெடுபிடியை நான் குறைசொல்ல மாட்டேன். அனுப்பியவரை நன்கறிந்திருந்தால் மட்டும், கோப்பின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘அன்பிளாக்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

நெறியாளருக்கோ அச்சகத்துக்கோ அனுப்பும் படியில் மேக்ரோ தேவையே இல்லை. அது இட்டுச் சென்ற ஸ்டைல்கள் ‘டாக்எக்ஸ்’ கோப்பில் அப்படியே இருக்கும்.

கேள்வி (அரசுப் பள்ளி ஆசிரியர்): எங்கள் பள்ளிக் கணினிகளில் வேர்டுக்குப் பதிலாக லிப்ரெ ஆஃபிஸ்தான் இருக்கிறது. மேக்ரோவைப் பதிவு செய்யும் கட்டளையே காணவில்லை.

பதில்: அது இயல்பாக மறைக்கப்பட்டிருக்கிறது. ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘அட்வான்ஸ்டு’ என்று சென்று மேக்ரோப் பதிவை இயக்கிவிடுங்கள். தலைப்பிடுவதற்கு மட்டும் என்றால் அதுவும் வேண்டாம். கன்ட்ரோல் + 1 அழுத்தினால் முதல்நிலைத் தலைப்பு, கன்ட்ரோல் + 2 அழுத்தினால் இரண்டாம் நிலை. அதன் மேக்ரோச் சாளரத்தில் தமிழை நேரடியாகவே எழுதலாம் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி.

கேள்வி (தட்டச்சர்): தலைப்பு மேக்ரோக்களுக்கு எந்தக் குறுக்குவிசைகளை ஒதுக்கலாம்?

பதில்: வேர்டில் கன்ட்ரோல் + ஆல்ட் + 1, 2, 3 ஆகியவை முதல் மூன்று தலைப்பு ஸ்டைல்களுக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கின்றன, அவற்றின் மேலேயே உங்கள் மேக்ரோவை ஏற்றிக்கொண்டால் கை பழக்கம் மாறாது. ஆல்ட் உடன் எண்ணை மட்டும் சேர்த்து ஒதுக்காதீர்கள், என்.எச்.எம். ரைட்டர் பயன்படுத்துபவர்களுக்கு அது தமிழ் விசைப்பலகை மாற்றும் விசை. நான்காம் நிலைத் தலைப்புக்குக் கன்ட்ரோல் + ஆல்ட் + 4 என்று வரிசையைத் தொடரவும் வேண்டாம். இந்திய ஆங்கில விசைப்பலகையில் ₹ குறி அங்கேதான் இருக்கிறது. வரவுசெலவு அறிக்கை தட்டச்சு செய்யும்போது ரூபாய்க் குறிக்குப் பதிலாகப் பத்தியே தலைப்பாக மாறிவிடும்.