பாம்பன் பாலமும் இலவச இணையமும்

ஐயா, வணக்கம்.

தொண்டியில் மீன்வலைக் கடை வைத்திருக்கிறேன். ஒரு பட்டியலில் உள்ள தளங்களையும் செயலிகளையும் மட்டும் டேட்டா காசில்லாமல் திறக்கவிடும் ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்தை 2016-இல் தடுத்தது சரி என்று எழுதியிருந்தீர்கள். ரீசார்ஜ் செய்யக் காசில்லாத மீனவருக்குச் சில செயலிகளாவது சும்மா கிடைத்திருக்குமே! ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை இல்லையா?

ஒரு வாசகர், தொண்டி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் பாம்பனை நினைத்துப் பாருங்கள். 1914-இல் ரயில் பாலம் வந்தது. 1988-இல் சாலைப் பாலம் திறக்கும்வரை தீவிலிருந்து மீனும் கருவாடும் வெளியே போக ரயிலை விட்டால் படகுதான். ரயில் எப்போது கிளம்புமோ அப்போதுதான் மீனும் கிளம்பும். சாலை வந்த பிறகு, ஒரு வேனும் ஐஸ் பெட்டியும் இருந்தால் யாரையும் கேட்காமல் மதுரைக்குப் புறப்படலாம் என்றாகிவிட்டது.

பழைய தொலைபேசி அந்த ரயில் மாதிரி. புத்தியெல்லாம் நடுவில், எக்ஸ்சேஞ்சில் இருந்தது. இணையத்தை அமைத்தவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். நடுவில் இருப்பதற்குத் தரவைக் கடத்திவிடுவது மட்டுமே வேலை, மூளை இரண்டு முனைகளிலும் இருக்கும். செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ எந்தத் தொலைபேசி நிறுவனத்திடமும் போய் நிற்காமல், இன்று நாம் தளங்களைத் திறந்து பார்க்கும் ‘வேர்ல்ட் வைட் வெப்’ என்ற ஒன்றை ஓடவிட முடிந்தது இதனால்தான். செர்ன் ஆய்வகம் 1993-இல் அதைக் காப்புரிமைக் கட்டணம் கேட்காமல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அப்படிக் கொடுத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

சரி, உங்கள் கடையில் வலை பொத்தும் பையனுக்கு ஒரு யோசனை வருகிறது என்று வையுங்கள். கடல் நிலவரம் சொல்லும் மத்திய அரசு மையமான இன்காய்ஸ் தரும் அலை, காற்று விவரங்களைக் கச்சான், வாடை, கொண்டல் என்று நம் பேச்சிலேயே படித்துக்காட்டும் செயலி. பட்டியலில் இருப்பது சும்மா, மற்றதெல்லாம் காசு என்றால் அவன் செயலியை எந்த மீனவர் திறப்பார்? பட்டியலில் சேரவும் ஃபேஸ்புக் வகுத்த விதிக்கு அவன் உட்பட வேண்டும். அவனுக்கு மறுபடியும் ரயில் பாலம்தான்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தடுத்தது, எந்தத் தளம், எந்தச் செயலி என்று பார்த்து டேட்டா விலையை மாற்றுவதைத்தான். அவசரச் சேவைகளுக்குக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ள அதே ஒழுங்குமுறையில் இடம் உண்டு. புயல் காலத்தில் நமக்கு அது பெரிய விஷயம்.

காசில்லாதவருக்கு என்ன வழி என்றீர்கள். 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற, மத்திய அரசின் பொது வைஃபை திட்டமான பிஎம்-வாணியில் டீக்கடைக்காரரும் உரிமம் வாங்காமல் வைஃபை விற்கலாம். சின்னச் சின்னத் தொகைக்கு முழு இணையமும் கிடைக்கும். உங்கள் கடைக்கு பிராட்பேண்ட் இருந்தால் நீங்களே தொடங்குங்கள். எப்படி நடக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தையும் இங்கே வெளியிடுகிறேன்.