வேலையை விடக் காரணம் இருக்கிறது, டிரேடிங்குக்கு இருக்கிறதா?

கேள்வி: எனக்கு 26 வயது. நெடுங்கண்டம் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் ஏலத் தோட்டம். நான் பி.காம். முடித்துவிட்டு வண்டன்மேட்டில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 15,000 ரூபாய். முதலாளி எல்லார் முன்னாலும் ஏசுவார். நான்கு மாதமாக ஃபோனில் நிஃப்டி ஆப்ஷன் (பங்குச் சந்தைக் குறியீடு ஏறுமா, இறங்குமா என்று கணித்து வாங்கும் கெடு வைத்த ஒப்பந்தம்) வாங்கி விற்கிறேன். ஒரு வாரம் 22,000 வந்தது, அப்புறம் அதில் பாதி போனது. சின்ன வயதிலிருந்தே அப்பாவோடு ஏல விலையைப் பார்த்து வளர்ந்தவன். விலை ஏன் ஏறுகிறது, ஏன் விழுகிறது என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். யாருக்கும் கைகட்டி நிற்காமல் வாழ வேண்டும். எங்களை இளக்காரமாகப் பார்க்கும் அத்தை வீட்டார் முன்னால் ஜெயித்துக் காட்ட வேண்டும். தங்கச்சி கல்யாணத்துக்காகக் கட்டும் சிட்டியில் (சீட்டுப் பணத்தில்) 3 லட்சம் வரப்போகிறது. அதை வைத்து முழுநேர டிரேடர் ஆகலாமா? அப்பா இதைச் சூதாட்டம் என்கிறார்.
- பெயர் வேண்டாம், இடுக்கி மாவட்டம்

பதில்: அன்புத் தம்பி, உங்கள் கடிதத்தில் இருக்கும் காரணங்களைத் தனியாக எழுதிப் பார்த்தேன். முதலாளி ஏசுகிறார், சம்பளம் போதவில்லை, கைகட்டி நிற்கப் பிடிக்கவில்லை, சொந்தக்காரர்கள் முன்னால் தலைநிமிர வேண்டும். நான்குமே நியாயமானவை. 26 வயதில் நாலு பேர் முன்னால் ஏச்சு வாங்குவது எவ்வளவு வலிக்கும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இவையெல்லாம் இந்த வேலையை விடுவதற்கான காரணங்கள். இதே நான்கைச் சொல்லி ஒருவர் வளைகுடாவுக்குப் போகலாம், அரசு வேலைக்கு பி.எஸ்.சி. தேர்வு எழுதலாம், கம்பம்மெட்டு வழியாக ஜீப் ஓட்டலாம். சந்தைக்குள் போயே ஆக வேண்டும் என்பதற்கு இவற்றில் எதுவும் இல்லை.

இந்த நான்கில் எனக்குப் பயம் தருவது அத்தை வீட்டு விஷயம்தான். ஜெயித்துக் காட்டப் போகிறவரால் தோற்றதை வெளியே சொல்ல முடியாது. காலையில் 8,000 போனால் ஃபோனை மூடி வைக்க மனசு வராது, விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றும். அடுத்த தடவை இரண்டு மடங்கு வாங்கச் சொல்லும். வீட்டில் கேட்டால் "பரவாயில்லை, ஓடுது" என்று சொல்ல வேண்டிவரும். அப்புறம் லோன் ஆப், அப்புறம் நண்பனிடம் கைமாற்று. திறமைசாலிகளும் இப்படி விழுவதற்குக் காரணம், நஷ்டத்தை நஷ்டம் என்று ஒப்புக்கொண்டு எழுந்துபோக இடம் வைக்காததுதான். 2024 செப்டம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஆப்ஷன் போன்ற கெடு ஒப்பந்தங்களில்) இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதம்தான். அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. தொடர்ந்து நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் விடாமல் அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

சம்பளக் கணக்கையும் போட்டுவிடுவோம். நீங்கள் கணக்கு எழுதுகிறவர், என்னைவிடச் சீக்கிரம் பிடிபடும். 3 லட்சத்திலிருந்து மாதம் 15,000 எடுத்தால் வருஷத்துக்கு 1,80,000. அதாவது முதல் குறையாமல் இருக்கவே ஆண்டுக்கு 60 சதவீதம் லாபம் வேண்டும். ஒரு மாதம் சறுக்கினாலும் வீட்டுச் செலவு போட்ட முதலிலிருந்துதான் போகும். பல தரகு நிறுவனங்களில் ஓர் ஆர்டருக்கு 20 ரூபாய் தரகு. நாளுக்கு ஐந்து முறை வாங்கி விற்றால் பத்து ஆர்டர், 200 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 236. சந்தை நடக்கும் 20 நாளுக்கு 4,720 ரூபாய். எஸ்.டி.டி. என்னும் பரிவர்த்தனை வரி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம் எல்லாம் அதற்கு மேல். லாபமோ நஷ்டமோ, இது போய்க்கொண்டே இருக்கும். 22,000 வந்த வாரத்தை எழுதிய நீங்கள், நான்கு மாதத்துக்கும் சேர்த்து நிகரம் என்ன என்று எழுதவில்லை. அதை முதலில் பாருங்கள்.

இனி உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரிக்கு வருகிறேன். விலை ஏன் ஏறுகிறது, ஏன் விழுகிறது என்று யோசிப்பேன் என்கிறீர்களே, மொத்தக் கடிதத்திலும் சந்தையைப் பற்றிய ஆசை அது ஒன்றுதான். இந்தத் தொழிலில் நிலைக்கிறவர்களிடம் பணத்தாசையைவிட அந்தக் குறுகுறுப்பு அதிகம் இருக்கும். அந்த விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டதை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். 2018 வெள்ளத்தில் தோட்டம் அழுகி, அடுத்து மழை பொய்த்து, வரத்து குறைந்த காலம் அது. அதே காய் 2022-ல் ஆயிரத்துக்குக் கீழே கிடந்தது. குவாத்தமாலாவில் விளைச்சல் எப்படி, வளைகுடாவில் நோன்புக்கு முன்னால் கொள்முதல் எப்படி, 8 எம்.எம். பருமனுள்ள பெரிய காய் எவ்வளவு வருகிறது என்பதெல்லாம் உங்கள் மேசைக்கே வரும் செய்தி. நிஃப்டியைப் பற்றி உங்களுக்கு அந்த அளவுக்கு என்ன தெரியும்? 'இதை வாங்கு, இதை விற்றுவிடு' என்று யாரோ டெலிகிராமில் போடும் 'கால்' தவிர?

அப்பா சொல்வது பாதி சரி. கையில் நிறையப் பங்கு வைத்திருப்பவர் விலை விழுந்தால் தாங்குவதற்காக ஆப்ஷன் வாங்குவது உண்டு, அது சூதாட்டம் ஆகாது. நீங்கள் செய்வது வேறு. அப்பாவுக்கு விலை படியவில்லை என்றால் உலர்ந்த காயைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டு அடுத்த ஏலம் வரை பொறுக்கலாம். வாரக் கெடு ஆப்ஷன் வாங்கியவருக்கு அந்த வசதி இல்லை. நிஃப்டி அசையாமல் நின்றாலே பிரீமியம், அதாவது ஆப்ஷனின் விலை, தினமும் கரையும், கெடு நாளில் பூஜ்யமாகவும் ஆகலாம். உங்கள் கணிப்பு அதற்கு மறுநாள் பலித்தால் ஒரு பைசா வராது.

ஆகவே, இப்போது முழுநேரமாகப் போகாதீர்கள். முதலாளியின் ஏச்சுக்கு மருந்து வேறு வேலை. புற்றடி, குமுளி, போடி என்று ஏல நிறுவனங்களும் ஏற்றுமதியாளர்களும் இருக்கும் ஊரில் காய் ரகமும் கணக்கும் தெரிந்த ஆளுக்கு வேலை கிடைக்காமல் போகாது, இந்த மாதமே விசாரியுங்கள். ஏல விலை பார்த்துக் காய் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு நீங்கள் பொருத்தமாக இருப்பீர்கள் என்றே எனக்குப் படுகிறது. பங்குச் சந்தைதான் வேண்டும் என்றால் பங்குச் சந்தை வேலைகளுக்கான என்.ஐ.எஸ்.எம். தேர்வு எழுதித் தரகு நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் ஆர்டரைப் போடும் டீலராகச் சேரும் வழி இருக்கிறது. அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டே கற்கலாம்.

டிரேடிங்கை அடியோடு விடச் சொன்னால் ஒளித்துச் செய்வீர்கள், அதனால் சொல்லவில்லை. ஆப்ஷனை நிறுத்திவிட்டு, போனாலும் வீடு அசையாத சிறு தொகைக்கு நேரடியாகப் பங்கு வாங்குங்கள். வாங்கும் முன்பே எதற்காக, எந்த விலையில் வெளியேறுவேன் என்று நோட்டில் எழுதுங்கள். ஒரு வருஷம் கழித்து அதைப் புரட்டினால் நீங்கள் சந்தையைப் படித்தீர்களா, கோபத்தில் வாங்கினீர்களா என்று தெரியும். நான்கு மாத லாப நட்ட அறிக்கையைத் தரகு நிறுவனத்தின் ஆப்பிலிருந்து எடுத்து அப்பாவிடம் காட்டுங்கள். 7,000-மும் பார்த்து 800-ம் பார்த்த மனிதர், உங்கள் நஷ்டத்தைக் கேட்டு உடைந்துபோக மாட்டார்.

சிட்டிப் பணத்தைத் தொடவே வேண்டாம். பணம் கைக்கு வரும் அன்று அப்பாவும் நீங்களும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போய் அவள் பெயரிலேயே டெபாசிட் போட்டுவிடுங்கள்.