குறிப்பு எழுதியும் அதே தவறு திரும்ப வந்தால்

விடைத்தாளைத் திருத்திக் கொடுக்கும்போது மதிப்பெண்ணையும் குறிப்பையும் ஒன்றாகக் கொடுக்காதீர்கள். முதலில் குறிப்பு மட்டும். விடைத்தாளில் அவ்வளவு எழுதியும் அடுத்த தேர்வில் அதே தவறு வருகிறது என்கிறீர்கள். மூலையில் இருக்கும் எண்ணைப் பார்த்ததும் பிள்ளைகள் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்விலும் குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் சேர்ந்து வந்தபோது குறிப்பு எடுபடவில்லை.

அடுத்த சிறு தேர்வில் செய்து பாருங்கள். "கவனம் தேவை" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "மூன்றாம் வரியில் இருந்த கழித்தல் குறி எங்கே போனது?" என்று கேளுங்கள். வகுப்பிலேயே பத்து நிமிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். அப்புறம் மதிப்பெண்.

இறுதித் தேர்வுக்கு இது சரிப்படாது. பெற்றோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மார்க் எங்கே என்று வந்து நிற்பார்கள்.